டெக்கில் பிடித்த இடம்

1953 நவம்பர் 20, வெள்ளி. பினாங்கு

இடம் பிடித்தாகிவிட்டது. இதை எழுதிவிட்டுத்தான் மறு வேலை.

டெக் டிக்கெட்டுக்காரர்களுக்கு என்று தனி இடம் கிடையாது. யார் முதலில் பாயை விரிக்கிறார்களோ அவர்களுக்கு அந்த இடம் சொந்தம். நாகப்பட்டினம் போய்ச் சேரும்வரை அதுதான் வீடு வாசல், அடுப்படி எல்லாம். எனக்கு இது புதிதல்ல. கப்பலில் காலை வைத்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி, காற்று வரும், வெயில் வராது என்று ஒரு இடம் பார்த்து மேல்துண்டை வீசிப் போட்டேன். மனைவி ஞானாம்பாளும் மகள் அபயமும் சாமான்களோடு வந்து சேர்வதற்குள் இரண்டு குடும்பங்களோடு சண்டை போட்டு ஜெயித்தும்விட்டேன். எஸ்டேட்டில் கிராணியாகக் கணக்கு எழுதிக் கூலியாட்களை மேய்த்தவனிடம் இவர்கள் வாய் கொடுத்து மீள முடியுமா?

இந்த இடத்தின் விசேஷம் இங்கே இருக்கும் மரப்பெட்டி. கட்டில் நீளம், இடுப்பு உயரம், பக்கங்களில் இரும்பு வளையங்கள். மூடிமேல் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. சுற்றியிருப்பவர்களில் எனக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியும். மிதவைச் சட்டைகள் வைத்த பெட்டி. கப்பலுக்கு ஆபத்து என்றால் போட்டுக்கொள்வது. நம்முடைய இரண்டு டிரங்குப் பெட்டிகளும் அதன்மேல் கனகச்சிதமாக உட்கார்ந்துகொண்டன. காலையில் டெக்கைக் கழுவிவிடும்போது மற்றவர்கள் மூட்டையெல்லாம் நனையும். அபயத்தின் முகூர்த்தப் பட்டு நனையாது.

பாஸ்போர்ட், பேனாக்கத்தி, இந்த டைரி மூன்றும் மெழுகுத்துணிப் பையில் என் இடுப்பில் இருக்கின்றன. கப்பலில் கையை நம்பக்கூடாது, இடுப்பைத்தான் நம்ப வேண்டும்.

நவம்பர் 21, சனி

பக்கத்துப் பாயில் சடையன் என்று ஒரு ரப்பர் தோட்டத்துக் கூலி. மனைவி பூவாயி, தலைப்பிரசவத்துக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் தாய்வீடு போகிறாள். கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நம் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். ஞானாம்பாள் தலையணையே கொடுத்துவிட்டாள். இவளுக்கு ஊரெல்லாம் உறவு.

மத்தியானம் கப்பல் சிப்பந்தி ஒருவன் வந்தான். தொம்மை என்று பெயர், தூத்துக்குடிக்காரன்.

"ஐயா, இந்தப் பொட்டி மேல சாமான் வைக்கக் கூடாதுய்யா. எடுத்துருங்க."

"எங்கப்பா வைக்கிறது? கடல்லயா?"

"அங்கிட்டு ஓரமா வைங்க. இது ஆத்திர அவசரத்துக்குத் தொறக்குற பொட்டி."

"அவசரம் வரட்டும், நானே தொறந்து தர்றேன். போ."

ஒரு வெள்ளிக் காசை எடுத்து நீட்டினேன். தொடவில்லை. முறைத்துவிட்டுப் போனான். இன்னும் கூட எதிர்பார்க்கிறான் போலிருக்கிறது. இவர்களை எனக்குத் தெரியாதா?

நவம்பர் 22, ஞாயிறு

அலை. அபயத்துக்கு வாந்தி. எலுமிச்சம்பழம்கூட நிற்கவில்லை.

நவம்பர் 23, திங்கள்

காலையிலிருந்து வானம் கறுத்துக் கிடக்கிறது. கப்பல் ஆடும் ஆட்டத்தில் டிரங்குகள் மூடிமேல் நகர ஆரம்பித்தன. உள்ளே இருப்பது சாமானியச் சரக்கா? முகூர்த்தப் பட்டு, மாப்பிள்ளை வேட்டி, வெள்ளிக் குங்குமச்சிமிழ், இரண்டு வருஷமாகச் சேர்த்த பாத்திரங்கள். படுக்கை கட்ட வாங்கிய புது மணிலாக் கயிறு இருந்தது. டிரங்குகளையும் பெட்டியையும் சேர்த்துச் சுற்றி, இரும்பு வளையங்களில் விட்டு, இழுத்துக் கட்டினேன். மிஞ்சிய நுனியைப் பேனாக்கத்தியால் அறுத்துச் சீராக்கினேன். கப்பலே புரண்டாலும் என் டிரங்கு புரளாது.

தொம்மை மறுபடி வந்தான்.

"ஐயா, கெஞ்சிக் கேக்கேன். இன்னைக்குக் காத்து சரியில்ல. அவுத்துருங்க."

"ஏம்ப்பா, கேப்டன் துரைகிட்ட இருந்து உத்தரவா, இல்ல உன் உத்தரவா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூவாயியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் மேலே போய்ச் சொல்கிறேன் என்று போனான். யாரும் வரவில்லை. அப்படியானால் என் கட்சிதான் சரி.

நவம்பர் 26, வியாழன்

வேறு ஒரு கப்பலில் இருக்கிறோம். நான், ஞானாம்பாள், அபயம். மூவரும் உயிரோடு. பேனா போய்விட்டது, யாரோ கொடுத்த பென்சில்.

நவம்பர் 27, வெள்ளி. நாகப்பட்டினம்

பிழைத்தவர்களையெல்லாம் ஒரு சத்திரத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் கஞ்சியும் வேட்டி சேலையும் கொண்டுவந்து தருகிறார்கள். பெயர் கேட்டுக்கொண்டு வாசலில் கூட்டம் நிற்கிறது. பெயர் சொன்னதும் சிலர் உள்ளே ஓடி வருகிறார்கள். மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நடந்ததை எழுதி வைப்பது நல்லது. செவ்வாய்க்கிழமை விடிந்து நல்ல வெளிச்சம் வந்த பிறகுதான் கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே தண்ணீர் புகுந்துவிட்டது என்றார்கள். அபாயச் சங்கு ஊதியது. தொம்மை ஓடி வந்தான். கயிறு இரவு முழுவதும் நனைந்து முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகத்தால் பிய்த்தான், பல்லால் கடித்தான், அவிழவில்லை. மூடியின் ஒரு மூலை மட்டும் கை நுழையும் அளவுக்கு எழும்பியது. அதற்குள் கையை விட்டு இரண்டு சட்டைகளை இழுத்து, எதிரே நின்ற அபயத்துக்கும் ஞானாம்பாளுக்கும் மாட்டினான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த அலை வந்தது. நான் அபயத்தின் சட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். படகு ஒன்று எங்களைத் தூக்கிக்கொண்டது.

புது மணிலாக் கயிறு நனைந்தால் அப்படித்தான் இறுகும். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

சடையன் அந்த நேரம் பூவாயிக்கு வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தான். அவன் கிடைத்துவிட்டான். பூவாயியைக் காணவில்லை.

நவம்பர் 28, சனி

பென்சில் முனை மழுங்கிவிட்டது. சீவிக்கொண்டிருந்தேன். எதிரே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த ஞானாம்பாள் என் கையையே பார்த்தாள். பிறகு சீப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

உப்புத் தண்ணீர் பட்டும் கத்தி துருப்பிடிக்கவில்லை. மெழுகுத்துணி நல்ல துணி.

நவம்பர் 30, திங்கள்

சத்திரத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சர்க்காருக்கு மனு எழுதித் தரும்படி எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மிதவைச் சட்டைப் பெட்டி ஏன் திறக்கவில்லை என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். கப்பல் கம்பெனியோ சிப்பந்தியின் அசட்டை என்று இப்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டதாம்.

எழுதினேன். 'பொறுப்பில் இருந்த சிப்பந்தி உரிய நேரத்தில் பெட்டியைத் திறக்கத் தவறினார்.' இதில் பொய் என்ன இருக்கிறது? திறக்கவில்லைதானே? அதற்கு முந்தைய நாட்களில் அவர் பணம் எதிர்பார்த்ததாகத் தோன்றியது என்றும் ஒரு வரி. தோன்றியது என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஒருவர் மிச்சமில்லாமல் கைநாட்டு வைத்தார்கள். சடையன் கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, "நீங்க சாமானத்தக் கட்டி வெச்சிருந்தீங்க. அதனால என்னங்க? அவுத்துத் தொறக்கிறதுதான அவன் வேலை? அதுக்குத்தான சம்பளம் வாங்குறான்?" என்றான்.

நியாயமான பேச்சு என்று எனக்கும் பட்டது.

டிசம்பர் 2, புதன்

கும்பகோணத்திலிருந்து சம்பந்தி வந்தார். அபயத்தின் தலையைத் தொட்டு, "கடலே வேணாம்னு திருப்பிக் குடுத்த பொண்ணு. எங்க வீட்டுக்குன்னே பொழைச்சு வந்திருக்கு" என்று கண் கலங்கினார். போன பட்டுக்குப் பதில் பட்டு அவர்களே எடுத்துவிட்டார்களாம். தையில் கல்யாணம், மாற்றமில்லை. பேப்பரில் என் மனுவைப் பற்றி வந்திருப்பதைக் காட்டி, "ஏழை ஜனங்களுக்காக நிக்கிறீங்க, சம்பந்தி. எங்க பக்கம் ஒரே பெருமை" என்றார்.

காபி கொண்டுவந்த ஞானாம்பாள் டம்ளரை வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

டிசம்பர் 4, வெள்ளி

ஒரு வாரம் கழித்து இன்று பேசினாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை.

"அந்தக் கப்பல் ஆளு கத்தி இருக்கான்னு கேட்டாரு. இல்லைன்னீங்க."

அடுத்த புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எங்காதுல விழுந்துச்சு. உங்க இடுப்புல இருந்ததும் எனக்குத் தெரியும். ரெண்டு நாளைக்கு முந்தி அதுலதான எலுமிச்சம்பழம் நறுக்கினேன்? நானும் வாயத் தொறக்கல. கயித்த அறுத்தா பொட்டி ரெண்டும் உருண்டு கடலுக்குப் போயிடுமேன்னுதான் எனக்கும் இருந்துச்சு. புள்ளத்தாச்சி பக்கத்துல நிக்கிறா. எனக்குப் புடவைதான் கண்ணுல நின்னுது."

ஈரப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இருந்தது. இடுப்பில்தான் இருந்தது. கப்பல் முழுகும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை கப்பல் ஆடியிருக்கிறது, எத்தனை கப்பல் நிமிர்ந்திருக்கிறது. அரை நிமிஷத்தில் முடிச்சை அவிழ்த்துவிடுவான், பட்டும் தப்பும், பாத்திரமும் தப்பும் என்று நினைத்தேன். 'இல்லப்பா' என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. கைமாற்று கேட்பவனிடம் சொல்வதுபோல.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்த நாட்களை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 7, திங்கள்

துறைமுக ஆபீஸ் கூடத்தில் விசாரணை ஆரம்பம். தொம்மையைக் கூப்பிட்டார்கள். கைவிரல் எல்லாம் துணி சுற்றியிருந்தது. நகங்கள் போய்விட்டனவாம்.

"ஒரு ஐயா டிரங்குப் பொட்டியச் சேத்து வச்சு வரிஞ்சு கட்டியிருந்தாரு. ரெண்டு தடவ சொன்னேன், எடுக்கல. கடைசில கத்தி கேட்டேன், இல்லன்னாரு."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "அந்த ஐயா இங்கே இருக்கிறாரா? பார்த்துச் சொல்."

தொம்மை கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தான். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஐம்பத்திரண்டு வயசு ஆள், வேட்டியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணாமூச்சி ஆடும் பிள்ளை மாதிரி.

அப்போது சடையன் எழுந்து கத்தினான். "பொய் சொல்றான் இவன்! கட்டினது எங்க கிராணிய்யாதான். ஆனா கத்திய வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்ற ஆளா அவரு? எம் பொண்டாட்டிக்குத் தலகாணி குடுத்தவங்க அவங்க!"

கூட்டம் தொம்மையைப் பார்த்துக் கூச்சல் போட்டது. யாரோ செருப்பை விட்டெறிந்தார்கள். விசாரணை அதிகாரி மேஜையைத் தட்டி, கிராணியின் சாட்சியை வியாழக்கிழமை எடுப்பதாகச் சொன்னார். அதுவரை தொம்மை போலீஸ் பொறுப்பில். சாட்சி அவனுக்கு எதிராக அமைந்தால் ஜெயில் நிச்சயம் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

வரும் வழியில் சடையன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதீங்க கிராணிய்யா, நாங்கள்லாம் இருக்கோம்" என்றான்.

டிசம்பர் 8, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9, புதன்

வேட்டைக்காரனிருப்புக் கரையில் ஒரு பெரிய மரப்பெட்டி ஒதுங்கியிருக்கிறது. மேலே ஒரு டிரங்கு, கயிறு கட்டியபடியே. டிரங்கில் வெள்ளைப் பெயிண்டில் 'க. குஞ்சிதபாதம் பிள்ளை, மாயவரம்' என்று எழுதியிருக்கிறதாம். அப்படி எழுதச் சொல்லி, எழுத்து பெரிதாக இல்லை என்று பெயிண்டரிடம் சண்டை போட்டு மறுபடி எழுத வைத்தவன் நான்தான். பொருளை அடையாளம் காட்ட நாளைக் காலை சுங்கக் கொட்டகைக்கு வரும்படி பியூன் சொல்லிவிட்டுப் போனான். என் சாட்சியையும் அங்கேயே எடுப்பார்களாம்.

ஞானாம்பாளிடம், "சொல்லிட்டேன்னா தைக் கல்யாணம் நின்னுடும்" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் அபயம் சொன்னாள். இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்பா, அவரு எனக்கு மாட்டிவிட்டப்ப பூவாயி அக்கா எம் பக்கத்துலதான் நின்னுச்சு. அடுத்தது தனக்குன்னு கையத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னுச்சுப்பா. நாளைக்கு நீங்க சொல்லலைன்னா நான் வந்து சொல்வேன்."

டிசம்பர் 10, வியாழன்

கொட்டகை நடுவில் பெட்டி இருந்தது. ஒரு பக்கம் பலகை நொறுங்கியிருந்தது. இன்னொரு டிரங்கு உருவிக்கொண்டு போயிருந்தாலும் கயிறு அப்படியே இருந்தது. ஒரு முடிச்சுக்கூட அவிழவில்லை.

அதிகாரி, சிப்பந்திகள் இருவர், போலீஸ்காரரோடு தொம்மை, கம்பெனி வக்கீல், சத்திரத்து ஜனங்கள், சடையன். என் பின்னால் ஞானாம்பாளும் அபயமும்.

"டிரங்கு உங்களுடையதா?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க."

வக்கீல் குறுக்கே வந்தார். நல்ல மனுஷர் மாதிரி என்னிடம் சிரித்தார். "புயல் வரும்போது அசையும் பொருளையெல்லாம் கட்டி வைப்பது கப்பல்காரர்கள் வேலை. அன்றைக்குக் கூட்டத்தில் யாரோ கத்தினது சாட்சியாகாது. உங்கள் டிரங்கையும் சேர்த்து இந்த ஆள்தானே கட்டினான்? நீங்கள் படித்தவர், நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்."

எனக்கு வழி விடுகிறார் என்று புரிந்தது. 'ஆமாம்' என்ற ஒரு வார்த்தை போதும். தொண்டை வரை வந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இடுப்பிலிருந்து பையை எடுத்து, கத்தியை டிரங்கின்மேல் வைத்தேன்.

"நான் கட்டினேன். எடுக்கச் சொல்லி இவர் ரெண்டு தடவ வந்தார். எடுக்கல. கத்தி கேட்டார். இது என் இடுப்புல இருந்தது. இல்லைன்னு சொன்னேன். இவர் என்கிட்ட ஒரு காசு கேட்டதில்லை. நாந்தான் நீட்டினேன், இவர் தொடல. மனுவில எழுதினது தப்பு."

கூச்சல் போடுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திறக்கச் சொன்னார் அதிகாரி. தொம்மை என் முகத்தைப் பார்க்காமல் கத்தியை எடுத்தார். துணி சுற்றிய விரல்களால் பிடிக்கச் சிரமப்பட்டார். ஆனால் கயிறு நாலே இழுப்பில் அறுந்து விழுந்தது. டிரங்கை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். அதை யாரும் திறந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மூடியைத் தூக்கினார்கள். உள்ளே மிதவைச் சட்டைகள் மடித்து அடுக்கியபடி இருந்தன. ஒரு மூலையில் மட்டும் இரண்டு எடுத்த பள்ளம்.

சடையன் முன்னால் வந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்து நின்றேன். அவன் குனிந்து ஒரு சட்டையை எடுத்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். தலையை எதில் நுழைப்பது என்று தெரியவில்லை.

"இத எப்படிங்க போட்டுக்கிறது?" என்று என்னைத்தான் கேட்டான்.

அவன் தலையில் மாட்டி, கயிறுகளைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் இழுத்துக் கட்டிவிட்டேன். கட்டி முடிக்கும்வரை அசையாமல் நின்றான். பிறகு இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் எட்டத் தள்ளி வைத்து, அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தான்.

"நெறமாசக்காரிக்கு இது பத்துமாங்க?"



"பத்தும்" என்றார் தொம்மை. "அதுக்குத்தான் கயிறு இம்புட்டு நீளம் வச்சிருக்கு."